1794-ஐ வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகலாமா?

கேள்வி: நம் கிண்டி பொறியியல் கல்லூரி 1794-லேயே பிறந்தது. 1847-இல் வந்த ரூர்க்கி கல்லூரியை (இன்றைய ஐ.ஐ.டி. ரூர்க்கி) 'இந்தியாவின் முதல் பொறியியல் கல்லூரி' என்று கொண்டாடுகிறார்களே, நாம் சும்மா இருக்கலாமா? – வாசகர், தாம்பரம்

பதில்: சும்மா இருப்பது நல்லது. 1794-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அருகே மைக்கேல் டாப்பிங் என்ற சர்வேயர் 8 பையன்களோடு ஆரம்பித்தது சர்வே பள்ளி. வந்தவர்கள் எழும்பூர் அநாதை விடுதிப் பிள்ளைகள்: வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தை அளந்தாக வேண்டும், அதற்கு ஐரோப்பிய சர்வேயர்களை வைத்துக் கட்டுப்படியாகவில்லை. கல்விச் சேவை என்று நாம் இன்று சொல்லிக்கொள்வதன் பின்னால் இருந்தது சம்பளக் கணக்கு. டாப்பிங்கும் 1796-இல் காலமாகிவிட்டார்.

அது பொறியியல் பள்ளியானது 1858-இல். மறு வருடம் கல்லூரி. கிண்டிக்குக் குடிபோனது 1920-இல்தான். மெக்கானிக்கல் 1894, எலெக்ட்ரிக்கல் 1930. அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் வந்தபோது இதோடு அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி), கட்டடக்கலைப் பள்ளி மூன்றும் சேர்ந்துகொண்டன. எம்.ஐ.டி. உங்கள் ஊருக்குப் பக்கம்தானே? 1949-இல் சி. ராஜம் என்ற தனி மனிதர் கைப்பணம் போட்டு எழுப்பியது. அப்துல் கலாம் படித்த இடம். அதன் வயது பற்றி யாரும் கொடி பிடிப்பதில்லை.

பெருமைதான் வேண்டுமென்றால் 1940-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதில், கையில் குழந்தை இருக்கும்போதே கணவரை இழந்த அ. லலிதா, அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த இந்தக் கல்லூரியில் அந்த வருடம் எலெக்ட்ரிக்கலில் சேர்ந்தார். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் அங்கேயே பேராசிரியர்; மகளுக்காக அவர் கேட்க, முதல்வர் கே.சி. சாக்கோ சம்மதித்தார். பின்னாலேயே லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவிலில் சேர்ந்தார்கள். லலிதா பிற்பாடு பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலைகளில் பங்கெடுத்தார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். பழைய மாணவர் கூட்டங்களில் 1794 என்று முழங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த மூன்று பெயரும் தெரியும் என்று விசாரித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் ரூர்க்கியோடு மல்லுக்கு நிற்கத்தான் வேண்டுமென்றால், நேர்மையாக 1858-ஐ எடுத்துக்கொண்டு போங்கள். 11 வருடத்தில் தோற்போம்.