ஓரத்து ஃபோம் உதிர்ந்துபோன, அப்பா காலத்துப் பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கரைச் சரிசெய்ய முடியுமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

தாராளமாகச் சரிசெய்யலாம். கோனை, அதாவது அதிர்ந்து சத்தம் தரும் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டாலே பொடியாக உதிர்கிறது, பேஸ் வந்தால் கரகரக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போனது அந்த வளையம்தான். கோன், காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்), காந்தம் எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் காசு செலவழிக்கும் முன் பார்த்துவிடுங்கள். பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரைப் பெட்டியிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை அதன் இரண்டு முனையிலும் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 6 ஓமை ஒட்டிக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. வளையம் வாங்கிப் பயனில்லை.

எங்கள் சித்தப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்து ரிட்டையர் ஆகி வந்தபோது பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த ஜோடிக்கும் இதே கதிதான். துணி போட்டு மூடி, பிள்ளைகளைக் கிட்டவே விடாமல் வைத்திருந்தார். "பாடவே விடலையே, அப்புறம் எப்படிக் கெட்டுச்சு?" என்று இன்றைக்கும் ஆறவில்லை அவருக்கு. பாட விட்டாலும் விடாவிட்டாலும் அது கெடும். பாலியூரிதேன் ஃபோமைக் காற்றில் இருக்கும் ஈரமே மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். கடலோர ஊரில் 15 வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். சிலர் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், எண்ணெய் ஊறிய கோனில் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது.

புதுச்சேரியில் முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு மைக் செட் கடையில் காட்டினால், "கோனையே மாத்திடலாண்ணே, புதுசாட்டம் ஆயிடும்" என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கல்யாண வீட்டுப் பெரிய ஸ்பீக்கர்களில் ஓரம் மடிப்பு மடிப்பான துணி; அது இப்படி உதிர்வதில்லை. அங்கே காயில் எரிந்துதான் வேலைக்கு வரும், கோன், காயில், ஸ்பைடர் (காயிலை நடுவில் தாங்கும் மடிப்புத் துணி) எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவார்கள். வீட்டு ஸ்பீக்கருக்கு அது சரிப்படாது. அதன் கோனுடைய எடை, விறைப்பு எல்லாம் அந்தப் பெட்டிக்கென்று கணக்குப் போட்டுச் செய்தவை. கைக்குக் கிடைத்த கோனைப் போட்டால் பாடும், ஆனால் உங்கள் அப்பா கேட்ட சத்தம் வராது. அதே காரணத்தால், ஃபோம் இருந்த இடத்தில் ஃபோமே போடுங்கள் என்பேன். ரப்பர் அதிக நாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் எடை கூடும், கோனின் அசைவு மாறும். சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வளையம் ஆன்லைனில் கிடைக்கும். சென்னை போகிறவர்கள் இருந்தால் ரிச்சி தெருவில் விசாரிக்கச் சொல்லலாம். "8 இஞ்ச்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஒரே பெயரில் அளவுகள் பல. கோனின் வெளி விட்டம், வளையத்தின் உள் விட்டம், மேடு முடியும் இடம், ஃப்ரேமில் உட்காரும் விளிம்பு, இந்த நான்கையும் மில்லிமீட்டரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வளையம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா, பின்பக்கமா என்பதையும் பிரிக்கும் முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்பீக்கரில் வளையம் நன்றாக இருந்தாலும் இரண்டிலும் மாற்றுங்கள்.

பாதி வேலை சுரண்டுவதுதான். பழைய ஃபோம் கோந்துபோல் விரலில் ஒட்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, ஊறவிட்டு, மழுங்கிய கத்தியால் வழியுங்கள். காகிதக் கோன் என்றால் ஈரம் குறைவாக. ஃப்ரேமின் மேலிருக்கும் அட்டை வளையத்தைக் கிழிக்காமல் எடுத்துவைத்தால் திரும்ப ஒட்டலாம்.

பசை விஷயத்தில் ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள். இறுகி வெடிக்கும், தவறாக உட்கார்ந்தால் நகர்த்தவும் முடியாது. வளையத்தோடு வரும், காய்ந்தாலும் வளைகிற வெள்ளைப் பசை போதும். முதலில் கோனில் ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள். ஃப்ரேமில் ஒட்டும்போதுதான் சூட்சுமம். காயில் ஓடும் இடைவெளி மயிரிழைதான். கோன் ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டால் காயில் உரசிக்கொண்டே இருக்கும். பசை ஈரமாக இருக்கும்போதே இரண்டு கட்டைவிரலாலும் எதிரெதிர்ப் பக்கம் வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள், காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். மணல் தேய்ப்பதுபோல் சத்தம் வந்தால் வளையத்தை இம்மி நகர்த்தி மறுபடி அழுத்திப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, கோன் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்வது இன்னும் சுலபம். உரசல் சத்தமே இல்லாமல் ஆடினால் சுற்றிலும் துணி கிளிப் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

ஒயரை மாட்டும்போது பிளஸ் எது என்று சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் கோன் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போனால் பேஸ் காணாமல் போகும், வேலையே சரியில்லை என்று நினைத்துவிடுவீர்கள். பெட்டியைத் திறந்தது திறந்தாகிவிட்டது, உள்ளே கிராஸ்ஓவரில் (பேஸையும் கீச்சு ஒலியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் இருந்தால் அதையும் அதே மதிப்பில் மாற்றிவிடுங்கள். இத்தனை வருஷத்தில் அதுவும் காய்ந்திருக்கலாம்.