6/6 என்கிறார்கள், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறேன். பள்ளி நாள் முதலே கண்ணாடி. இரு கண்ணிலும் 600 பவர். ஐந்து மாதங்களுக்கு முன் சேமிப்பை எடுத்து ஒரு தனியார் கண் மையத்தில் லேசிக் (லேசரால் பவரைப் போக்கும் அறுவை) செய்துகொண்டேன். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது. ஆனால் கண் எப்போதும் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. இரவில் காரோட்டி வீடு திரும்பும்போது பாலத்து விளக்குகள் ஒவ்வொன்றும் வட்டம் கட்டித் தெரிகின்றன. ஊசியில் நூல் கோக்கவோ கொக்கி வைத்துத் தைக்கவோ முடியவில்லை. மையத்தில் கேட்டால், "6/6 வந்துவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது; வேண்டுமானால் இலவசமாக இன்னொரு முறை லேசர் செய்து தருகிறோம்" என்கிறார்கள். வீட்டுக்காரரோ, "நீயாகத் தேடிக்கொண்டது" என்கிறார். மறுபடியும் செய்துகொள்ளலாமா? என் 19 வயது மகளும் லேசிக் செய்ய ஆசைப்படுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, இரண்டாவது லேசருக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு, அதாவது விளக்கு வட்டத்துக்கு மட்டுமே மறு லேசர் ஓரளவு உதவக்கூடும்; மற்றொன்றை, அதாவது உறுத்தலை, அது மோசமாக்கிவிடலாம். 6/6 என்பது வெளிச்சமான அறையில், ஆறு மீட்டர் தூரத்தில், வெள்ளைப் பலகையில் இருக்கும் கறுப்பு எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்க்கும் அளவு. கண் உலர்ந்திருப்பதையோ, இரவு விளக்கு வட்டம் கட்டுவதையோ, கைக்கெட்டும் தூரத்தில் ஊசிக் காது தெரியாததையோ அது சொல்லாது. ஆகவே மையத்தார் சொன்னது பொய்யன்று. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் அன்று.

முதலில் ஊசியும் நூலும். கண்ணாடி அணிந்திருந்த காலத்தில், கொக்கி வைக்கும் நேரத்தில் நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துணியை முகத்தருகே கொண்டுவந்து தைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 600 பவர் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமலே சுமார் 16, 17 சென்டிமீட்டரில் எல்லாம் துல்லியமாகத் தெரியும்; நுண்வேலை செய்பவருக்கு அது இயற்கையாகக் கிடைத்த பூதக்கண்ணாடி. நாற்பதைத் தாண்டும்போது எல்லாருக்கும் வரும் வெள்ளெழுத்து (கிட்டத்தில் இருப்பது மங்கும் குறை) உங்களுக்கும் வரத் தொடங்கியிருக்கும். அந்த வசதி இருந்தவரை அது உறைக்கவில்லை. லேசிக் கருவிழிப் படலத்தை மட்டுமே செதுக்குகிறது. உள்ளேயிருக்கும் வில்லை வயதால் இறுகுவதை அது தொடுவதே இல்லை. எனவே தூரத்தில் இருப்பது தெரியும்படி முழுதாகத் திருத்தியவுடன், கிட்டத்தில் பார்க்கும் வசதி போய்விட்டது. இதில் இயந்திரத்தின் குற்றம் ஒன்றுமில்லை. ரவிக்கை தைத்துப் பிழைக்கும் 43 வயதுப் பெண்ணிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டதுதான் குற்றம் என்பது என் எண்ணம். கிட்டத்தில் பார்ப்பதற்காக ஒரு கண்ணில் 100 அல்லது 150 பவரை வேண்டுமென்றே மிச்சம் வைக்கும் முறையும் உண்டு. அறுவைக்கு முன்பே காண்டாக்ட் லென்ஸ் போட்டு அது ஒத்துவருகிறதா என்று பார்த்திருக்கலாம்.

இப்போதைக்கு இதற்கு வழி, கிட்டத்தில் பார்க்க உதவும் கண்ணாடிதான். கண்ணாடியே வேண்டாம் என்றுதானே செய்துகொண்டேன் என்று உங்களுக்குக் கோபம் வரும்; அந்தக் கோபம் நியாயமானது. இருந்தாலும் பேரங்காடியில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியை வாங்காதீர்கள். பாதி தைத்த ரவிக்கை ஒன்றையும் ஊசியையும் கையோடு கொண்டுபோய், நீங்கள் வேலை செய்யும் தூரத்தைக் கண்ணாடிக் கடையில் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். புத்தகம் படிக்கும் தூரத்துக்குச் சரியான பவர், கொக்கி தைக்கும் தூரத்துக்குப் போதாது.

அடுத்தது உறுத்தல். லேசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை மடல்போல் வெட்டித் திறக்கும்போது, அங்குள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. கண் உலர்ந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லிக் கண்ணீரைச் சுரக்கவைப்பவை அந்த நரம்புகளே. அவை மீண்டும் வளரப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பங்கேற்று 2017-இல் வெளியான, லேசிக் செய்துகொண்டவர்களைக் கேட்டறிந்த ப்ரௌல் (PROWL) ஆய்வுகளில், முன்பு உலர்கண் இல்லாதிருந்தவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரையிலானோருக்கு மூன்றாம் மாதத்தில் அந்தத் தொல்லை இருந்தது. பார்வையில் முன்பு எந்தக் குறையும் சொல்லாதவர்களில் 46 விழுக்காடு வரையிலானோர், விளக்கைச் சுற்றி வட்டம், கூச்சம், இரட்டைத் தோற்றம் போன்ற ஏதேனும் ஒன்றைப் புதிதாகச் சொன்னார்கள். அதே ஆய்வுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தங்கள் பார்வையில் திருப்தி என்றே சொன்னார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. விளம்பரங்களில் இந்தக் கடைசி எண் மட்டும்தான் வருகிறது.

உலர்கண்ணுக்கு மருத்துவம் இருக்கிறது. பிரிசர்வேடிவ் கலக்காத, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குப்பிகளில் வரும் செயற்கைக் கண்ணீரை உறுத்தல் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே நேரம் வைத்து விடுங்கள். இமையோர எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால் வெந்நீர் ஒத்தடம் உதவும். இவை போதாவிட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து, கண்ணீர் வடியும் சிறு துளைக்குப் பிளக் என்று மருத்துவர் அடுத்த படிக்குப் போவார். தையல் இயந்திரத்தின் முன் நாம் இமைக்க மறந்துவிடுகிறோம்; ஏர்கோன் காற்று நேரே முகத்தில் அடிக்காதவாறு இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அத்தை நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொன்னால், அத்தைக்கு நன்றி சொல்லிவிட்டுப் பூவைச் சாமிக்கு வையுங்கள். மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் நீங்களாக வாங்கி விடாதீர்கள்.

விளக்கு வட்டங்கள் பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகின்றன. உலர்ந்த கண்ணில் அவை அதிகமாகத் தெரியும் என்பதால், உறுத்தலைச் சரிசெய்த பிறகே அவற்றின் உண்மையான அளவு விளங்கும். மிச்சமிருக்கும் சிறு பவருக்கு இரவில் மட்டும் கண்ணாடி அணிவதும், கண்மணியைச் சற்றுச் சுருக்கும் சொட்டு மருந்தும் சிலருக்குப் பயன்படுகின்றன. அதுவரை இருட்டிய பின் பினாங்குப் பாலத்தில் நீங்கள் காரோட்ட வேண்டாம். லிட்டில் இந்தியாவிலிருந்து ஃபெரித் துறை நடக்கும் தூரம்தான்.

மறு லேசருக்கு வருவோம். கருவிழிப் படலத்தின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் உள்ளது. ஒவ்வொரு 100 பவருக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரோன் வரை செதுக்கப்படுகிறது. மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரோனாவது மிஞ்ச வேண்டும், 300 இருந்தால்தான் பல மருத்துவர்களுக்கு மனம் ஒப்பும். இது பிரித்துத் தைக்கும் வேலையன்று, வெட்டிக் குறைக்கும் வேலை. உங்களுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் "சரி" சொல்லக் கூடாது.

ஆகவே அறுவைக்கு முந்தைய அளவுகள், கருவிழியின் வடிவத்தைக் காட்டும் வரைபடம், செதுக்கிய அளவு ஆகியவை அடங்கிய அறிக்கையை மையத்திடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பிற்காலத்தில் கண்புரை அறுவைக்கு லென்ஸ் பவரைக் கணக்கிடும்போதும் இந்தத் தாள்கள் பெரிதும் உதவும். பிறகு அருகிலுள்ள அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, பினாங்குப் பொது மருத்துவமனையின் கண் பிரிவில் இரண்டாவது கருத்தைக் கேளுங்கள். லேசிக்குக்குப் பின் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், எந்த மருத்துவரிடம் போனாலும் லேசிக் செய்ததை முதலில் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: பவர் போனாலும் 600 பவர்க் கண்ணின் நீளம் மாறவில்லை, விழித்திரை கிழியும் அபாயமும் போகவில்லை. திடீரென்று மின்னலோ, புதிய கரும்புள்ளிகளோ, திரை விழுந்ததுபோன்ற நிழலோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

முறையீடு செய்ய விரும்பினால், முதலில் மையத்துக்கே கடிதம் எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் சுகாதார அமைச்சுக்கும், மருத்துவரின் நடத்தை பற்றியதானால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கும் எழுதலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய அபாயங்களை மருத்துவர் சொல்லியாக வேண்டும் என்றும், சொன்னது போதுமா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும் என்றும் நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வெள்ளெழுத்தைப் பற்றி உங்களிடம் யாராவது பேசினார்களா, நீங்கள் கையொப்பமிட்ட தாள் எந்த மொழியில் இருந்தது, படிக்க நேரம் தந்தார்களா என்பனவற்றை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். வீட்டுக்காரரிடமும் அந்தத் தாளைப் படிக்கக் கொடுங்கள். எது தெரிந்து நீங்கள் தேடிக்கொண்டீர்கள், எது தெரியாமல் வந்தது என்று அவரே பார்க்கட்டும்.

மகளைத் தடுக்க வேண்டாம், தள்ளிப்போடச் சொல்லுங்கள். 19 வயதில் பவர் இன்னும் ஏறக்கூடும். குறைந்தது ஓராண்டாவது மாறாமல் நின்ற பிறகே இதைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் காண்டாக்ட் லென்ஸைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, கருவிழி வரைபடம், தடிமன், கண்ணீரின் அளவு ஆகிய மூன்றையும் பார்க்கும் இடமாகப் பார்த்துப் போகட்டும். முதல் ஆலோசனைக்கு நீங்களும் உடன் சென்று, உங்கள் கண்ணில் நடந்ததை அந்த மருத்துவரிடம் சொல்லிக் கேள்வி கேளுங்கள்.