சுமாரான சாம்பியன்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைங்க. நைட் ஷிஃப்ட் முடிந்து பேக்கரியில் டீ குடிக்கும்போது குத்துச்சண்டைப் பேச்சு வந்தது. பஸ்டர் டக்ளஸ், லியான் ஸ்பிங்க்ஸ் மாதிரி சுமாரான ஆட்கள் உலக சாம்பியன் ஆனது வெறும் அதிர்ஷ்டம், அந்தப் பட்டத்துக்கு மதிப்பே இல்லை என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். மறுத்துப் பேசத் தோன்றியது, காரணம் சொல்ல வரவில்லை. நீங்க என்ன நினைக்கறீங்க?

வாசகர், அவிநாசி

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் இரண்டு வகை ஆட்களைச் சேர்த்துப் பேசுகிறார். 2016 ஜனவரியில் சார்லஸ் மார்ட்டின் என்பவர் காலியாகக் கிடந்த ஒரு ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்தை வென்றார். எதிராளி கிளாஸ்கோவ் மூன்றாம் சுற்றில் முழங்கால் பிசகித் தொடர முடியாமல் போனதுதான் காரணம். ஏப்ரலில் ஆன்டனி ஜோஷுவா அவரை இரண்டே சுற்றில் முடித்துவிட்டார். நான்கு அமைப்புகள் ஆளுக்கொரு பெல்ட், அதாவது உலகப் பட்டம், கொடுத்தால் இப்படியும் நடக்கும். இந்த வகையைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வது சரி.

டக்ளஸ் அப்படி இல்லைங்க. 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. எதிரே உலக சாம்பியன் மைக் டைசன், 37 சண்டைகளில் ஒன்றுகூடத் தோற்காதவர். டக்ளஸ் ஜெயித்தால் ஒன்றுக்கு 42 தருவதாகப் பந்தயம். 1987இல் டோனி டக்கரோடு பட்டத்துக்கு மோதிப் பத்தாம் சுற்றில் தளர்ந்து தோற்றதிலிருந்தே அவர் மேல் யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. டோக்கியோவுக்குச் சில வாரம் முன்னால் அம்மாவும் இறந்துபோனார்.

அதிர்ஷ்டக் குத்து என்றால் ஒன்று விழும், ஆள் சாய்வான், அவ்வளவுதான். அன்று டக்ளஸ் முதல் சுற்றிலிருந்தே தன் நீளமான கையால் ஜாப் என்கிற நேர்க்குத்தை டைசன் முகத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். டைசன் நெருங்கினால் கட்டிப்பிடித்தார், விலகியதும் வலது கையை இறக்கினார். டைசனின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. எட்டாம் சுற்று முடியும் நேரத்தில் கீழிருந்து மேலே வரும் டைசனின் அப்பர்கட் குத்தில் டக்ளஸ் விழுந்தார். அதோடு முடிந்தது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். எழுந்தார். பத்தாம் சுற்றில் ஒரு அப்பர்கட், அதன்பின் அடுத்தடுத்துக் குத்துகள். வாழ்க்கையில் முதல்முறையாக டைசன் தரையில் கிடந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் ஹோலிஃபீல்டிடம் மூன்றாம் சுற்றில் டக்ளஸ் தோற்றது உண்மை. டோக்கியோவில் 105 கிலோ இருந்தவர் அன்று 111 கிலோவைத் தாண்டியிருந்தார். அது எனக்கும் வருத்தம்தான். அதற்காக அக்டோபரில் உடம்பைக் கவனிக்காததை வைத்து பிப்ரவரியில் செய்ததைக் கழிக்க முடியாது.

ஸ்பிங்க்ஸை அதிர்ஷ்டக்காரர் என்பதும் தப்பு. 1976 ஒலிம்பிக் தங்கம் வென்றவர், தன் எட்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே அப்போதைய உலக சாம்பியன் முகமது அலியோடு 15 சுற்று நின்று ஜெயித்தார். ஏழு மாதத்தில் அலி பட்டத்தைத் திருப்பி வாங்கிவிட்டார் என்பது வேறு விஷயம்.

ஜேம்ஸ் பிராடக் என்ற பழைய அமெரிக்க வீரரின் பெயரையும் நண்பரிடம் சொல்லுங்கள். இருபதுக்கு மேல் தோல்விகள், உடைந்த வலது கை, 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அரசு நிவாரணப் பணம். வலது கை வலித்ததால் துறைமுகத்தில் இடது கையால் சுமை இழுத்தார். நம் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களைக் கேளுங்கள், அந்த வேலை கைக்கு என்ன பலம் தரும் என்று சொல்வார்கள். அந்த இடது கையோடு 1935இல் அப்போதைய உலக சாம்பியன் மாக்ஸ் பேர் என்பவரை வென்றார். வாங்கிய நிவாரணப் பணத்தையும் திருப்பிக் கட்டினார்.

அப்புறம், டோக்கியோ சண்டையின் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் போனில் பார்க்காதீர்கள். விடுமுறை நாளில் நண்பரோடு உட்கார்ந்து முதல் மணியிலிருந்து பாருங்கள். ஐந்தாம் சுற்றுக்குள் யார் நன்றாக ஆடுகிறார் என்று அவரே சொல்லிவிடுவார்.