எதைக் கையில் வைப்பது, எதைச் செக்-இன்னில் போடுவது?

கேள்வி: எங்கள் ஊர் மதுரை. அக்காவின் பிரசவத்துக்காக அப்பாவும் (68) அம்மாவும் (63) முதல்முறையாக ஜெர்மனி போகிறார்கள். சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேரடி விமானம். மதுரை–சென்னை விமான டிக்கெட்டைத் தனியாக எடுத்திருக்கிறோம். செக்-இன் பெட்டி தொலைந்துபோகும், முடிந்ததையெல்லாம் கையிலேயே கொண்டுபோகலாம் என்கிறார் அப்பா. அம்மாவுக்கு முழங்கால் வலி, இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். தன்னால் எதையும் தூக்க முடியாது, எல்லாவற்றையும் செக்-இன்னில் போட்டுவிடலாம் என்கிறார் அவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் வழி அம்மாவின் முழங்காலைத்தான் பதம் பார்க்கும்.

விமான நிலையத்தில் பெட்டி வராதவர்கள் வந்து நிற்கும் கவுன்டரில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கையிலா செக்-இன்னா என்று பெட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஒவ்வொரு பொருளாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 'இது மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். புடவை மூன்று நாள் கழித்து வந்தால் அக்காவின் நைட்டியைப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாம். இன்சுலின் அப்படியில்லை. இந்தக் கேள்வியை வைத்துப் பிரித்தால் கையில் வைக்க வேண்டிய சாமான் ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

முதலில் அப்பாவின் பயத்தைப் பற்றி. விமான நிலையங்களுக்குத் தொழில்நுட்பம் தரும் சிட்டா நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2024இல் உலகம் முழுக்க ஆயிரம் பயணிகளுக்குச் சுமார் 6 பெட்டிகள்தான் தடுமாறின. அவற்றிலும் பெரும்பாலானவை தாமதமாக வந்தவை, தொலைந்தவை அல்ல. பெட்டி தவறுவதற்கு முக்கியமான காரணம் இடையில் விமானம் மாறுவது. உங்கள் பெற்றோர் சென்னையில் ஏறினால் நேரே பிராங்பர்ட்டில்தான் இறங்குகிறார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், பாதிக் கவலை குறையும்.

மீதிக் கவலைக்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நள்ளிரவு தாண்டிய ஒரு விமானம். பெல்ட் சுற்றி ஓய்ந்துவிட்டது. எழுபது வயதுத் தம்பதி கவுன்டருக்கு வந்தார்கள். அவர்கள் செக்-இன் பெட்டிகள் இரண்டும் ஒழுங்காக வந்துவிட்டன. வராதது கைப்பெட்டி! முந்தைய ஊரில் ஏறும்போது, மேலே இடமில்லை என்று கேட்டில் அதை வாங்கி, டேக் போட்டுக் கீழே அனுப்பியிருக்கிறார்கள். அது அங்கேயே தங்கிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை, வீட்டுச் சாவி, பேரனுக்கு வாங்கிய சங்கிலி எல்லாம் அதற்குள். அந்த அம்மாளின் கையில் இருந்தது ஒரு துண்டு டேக் மட்டும். 'கையிலேயே வைத்திருந்தேனே தம்பி' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் மாலை பெட்டி வந்துவிட்டது. ஆனால் அன்று இரவு மாத்திரைக்கு அவர்கள் பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே கைப்பெட்டி கடைசி வரை கையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சக்கரம் வைத்த டிராலியைத்தான் முதலில் கேட்பார்கள். மதுரையிலிருந்து ஏடிஆர் போன்ற சின்ன விமானம் கிடைத்தால் இன்னும் மோசம், தலைக்கு மேல் இருக்கும் தட்டில் டிராலி நுழையவே நுழையாது.

நான் சொல்லும் ஏற்பாடு இது. அம்மாவுக்குத் தோளில் மாட்டும் ஒரு துணிப்பை, மூன்று கிலோவுக்குள். காலடியில், முன் சீட்டுக்குக் கீழே அடங்க வேண்டும். இதை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். இன்சுலின், மற்ற மாத்திரைகள், மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட், பணம், போன், மூக்குக் கண்ணாடி எல்லாம் இதில். அக்காவின் அழைப்புக் கடிதம், ஷெங்கன் விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்பீட்டின் நகல், அக்கா வீட்டு முகவரி எழுதிய தாள் ஆகியவையும் இதிலேயே இருக்கட்டும். பிராங்பர்ட் குடியேற்ற அதிகாரி கேட்டால் பெட்டியைத் திறந்து தேடக் கூடாது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை இப்போதே டிக்கெட்டில் பதிந்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் மடியில் இந்தப் பை அழகாக அமரும், டிராலி அமராது.

அப்பாவுக்கு முதுகில் மாட்டும் ஒரு பை. ஒருவருக்கு ஒரு மாற்றுடை, ஸ்வெட்டர், சார்ஜர், கொறிக்க ஏதாவது. ஜெர்மனியின் லுஃப்தான்சா விமானத்தில் 8 கிலோ வரை, 55×40×23 செ.மீ. அளவு வரை கைப்பை அனுமதி. ஆனால் உள்நாட்டு விமானங்களில் 7 கிலோதான். சிறிய எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள். கடினமான ஓடு போட்ட டிராலி காலியாக இருக்கும்போதே இரண்டரை, மூன்று கிலோ வரும். ஏழு கிலோவில் அதைக் கழித்தால் என்ன மிஞ்சும்? துணிப்பை ஒரு கிலோகூட வராது.

பவர் பேங்க் கண்டிப்பாகக் கையில்தான். செக்-இன் பெட்டியில் போடுவது தடை. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் இருக்கும் ஊழியர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும், கீழே இருந்தால் முடியாது. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசான் நகரில், புறப்படக் காத்திருந்த ஒரு விமானம் தீப்பிடித்து எரிந்தது. அதற்குப் பிறகு உலகெங்கும் கெடுபிடி அதிகம். 100 வாட்-அவர் (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை தடையில்லை. கடையில் விற்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-அவர்தான் வரும். கைப்பெட்டியைக் கேட்டில் வாங்கினாலும் பவர் பேங்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இன்சுலினைச் செக்-இன்னில் போடவே கூடாது. கீழே குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம், பெட்டி தாமதமானால் கேட்கவே வேண்டாம். சர்வதேச விமானத்தில் திரவம் 100 மி.லி. டப்பாக்களில், ஒரு லிட்டர் ஜிப் பைக்குள்தான் இருக்க வேண்டும் என்ற விதி மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் மருந்துக்கடை லேபிளோடு அட்டைப்பெட்டியில் இருக்கட்டும், டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் பையைப் போடுவதற்கு முன்பே 'இன்சுலின்' என்று அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஜெர்மனி நேரம் நம்மைவிட மூன்றரை, குளிர்காலத்தில் நான்கரை மணி நேரம் பின்னால். ஊசி போடும் வேளையை எப்படி மாற்றுவது என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள்.

இனி பெரிய பெட்டிகள். பிரசவம் பார்க்கப் போகிற அம்மா என்னென்ன கட்டுவார் என்று எனக்குத் தெரியும். நெய், லேகியம், ஊறுகாய், பருப்புப்பொடி, கருப்பட்டி, கொப்பரை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொப்பரையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று சர்வதேச ஆபத்துப் பொருள் பட்டியலில் இருக்கிறது. எண்ணெய்ச் சத்துதான் காரணம். சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கேபினில் கொண்டுபோக 2024இல் மத்திய அரசு அந்தப் பருவத்துக்கு மட்டும் தனியாக அனுமதி தர வேண்டியிருந்தது என்றால் பாருங்கள்.

நெய்யும் பால்கோவாவும் விமானத்தில் ஏறும், ஜெர்மனிக்குள் நுழையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுவர அனுமதி இல்லை. சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். மணிக்கணக்கில் நின்று உருக்கிய நெய் குப்பைக்குப் போவதை எந்தத் தாயாலும் பார்க்க முடியாது. அங்கே எல்லாக் கடையிலும் 'பட்டர்ஷ்மால்ஸ்' என்ற பெயரில் உருக்கிய வெண்ணெய் கிடைக்கும், கிட்டத்தட்ட நம் நெய்தான். லேகியத்தையும் இங்கே நெய் விட்டுக் கிளற வேண்டாம். சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் காயவைத்துப் பொடியாக எடுத்துப் போய், அங்கே கிளறினால் போயிற்று. கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பச்சைக் காய்களும் வேண்டாம். பிராங்பர்ட் ரயில் நிலையத்தைச் சுற்றி இந்தியக் கடைகள் இருக்கின்றன.

பொடி வகை, கருப்பட்டி, எண்ணெய் ஊறுகாய் ஆகியவற்றைச் செக்-இன்னில் போடுங்கள். ஊறுகாயும் குழைவாக இருக்கும் எதுவும் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்குதான், கைப்பையில் இருந்தால் பிடுங்கிவிடுவார்கள். ஊறுகாய் பாட்டில் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு, லுங்கியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்த பாட்டில் உடைந்து, ஒரு பெட்டிப் பட்டுப்புடவையும் ஊறிப்போனதை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

அப்பா உடைகள் ஒரு பெட்டியில், அம்மா உடைகள் இன்னொன்றில் என்று கட்டாதீர்கள். இருவருடையதையும் பாதிப் பாதியாக இரண்டிலும் போடுங்கள். ஒரு பெட்டி தாமதமானாலும் இருவருக்கும் உடுத்த இருக்கும். எடையிலும் கவனம் வேண்டும். டிக்கெட்டில் ஒரு பெட்டி 23 கிலோ என்று இருந்தால் ஒவ்வொன்றும் 23க்குள் இருக்க வேண்டும். ஒன்று 27, இன்னொன்று 19 என்று சேர்த்துக் கணக்குச் சொன்னால் ஏற்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மதுரை–சென்னை டிக்கெட் தனி என்கிறீர்கள். அப்படியானால் அந்த விமானத்துக்கு உள்நாட்டு அளவுதான், பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ. இரண்டு பெட்டியும் சேர்ந்து 46 கிலோ, அனுமதி 30. மீதி 16 கிலோவுக்கு மதுரை கவுன்டரில் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் சர்வதேச அளவே மதுரையிலிருந்து பொருந்தியிருக்கும், பெட்டியும் நேரே பிராங்பர்ட் போயிருக்கும். இப்போது இரண்டு வழி. கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் கவுன்டரைவிடக் குறைவாக முடியும். இல்லையென்றால் முதல் நாள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை வந்து, உறவினர் வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு விமானம் ஏறலாம். அம்மாவின் முழங்காலுக்குப் படுத்துக்கொண்டு வருவதுதான் நல்லது, நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நகையைச் செக்-இன்னில் வைக்காதீர்கள். நகை, ரொக்கம் தொலைந்தால் விமான நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை. அணிந்து போகலாம். அதிகம் என்றால் புறப்படும் முன் சென்னை சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது வரிப் பேச்சு வராது.

செக்-இன் கவுன்டரில் பெட்டி பெல்ட்டில் நகரும் முன் டேக்கைப் பாருங்கள். 'எஃப்ஆர்ஏ' என்ற மூன்று எழுத்து இருக்க வேண்டும். பழைய பயணத்தின் டேக், சின்ன பார்கோடு ஸ்டிக்கர் எதுவும் பெட்டியில் ஒட்டியிருக்கக் கூடாது, இயந்திரம் அதைப் படித்துக் குழம்பும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து ஒரு போட்டோ, மூடி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மேலாக அக்காவின் முகவரியும் போன் நம்பரும் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும். வெளி டேக் கிழிந்துபோன பெட்டியை நாங்கள் திறந்து பார்க்கும்போது முதலில் தேடுவது அதைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் பெட்டி வரவில்லை என்றால், பெட்டிகள் வரும் கூடத்தை விட்டு வெளியே வராமல் அங்கேயே பேக்கேஜ் கவுன்டரில் புகார் பதிய வேண்டும். பத்து எழுத்து-எண் கொண்ட ஒரு குறியீடு தருவார்கள். அதை வைத்து அக்கா வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம், பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுவரை வாங்கும் அவசியப் பொருட்களுக்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாகி வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாள் வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. விமானப் பயணிகளின் இழப்பீட்டுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். அது உச்சவரம்புதான், நஷ்டத்தைக் காட்டினால்தான் கிடைக்கும்.

கடைசியாக, புறப்படும் முந்தின நாள் ஒரு சோதனை செய்துபாருங்கள். கட்டிய கைப்பையைத் தரையில் வைத்து, அப்பாவை ஒரு கையால் எடுத்து பீரோவின் மேல் வைக்கச் சொல்லுங்கள். விமானத்தில் அவரேதான் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். மூச்சு வாங்கினால் ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள். ஸ்வெட்டரில் தொடங்குங்கள், அதை அவர் போட்டுக்கொண்டே போகலாம்.