படம் வரைஞ்சு கண்டுபிடிக்கிற கேம்: ரூல் சந்தேகம் எல்லாம் கேளுங்க

லாக்டவுன்ல பொழுது போகாம ஆரம்பிச்சது, இன்னும் நிறுத்தல. சனிக்கிழம ராத்திரி ஒம்போது மணின்னா ஸ்கிரிபிள் டாட் ஐஓ-ங்கிற வெப்சைட்ல ஒரு பிரைவேட் ரூம் போட்டு லிங்க அனுப்பிடுவேன், சொந்தக்காரங்க, பழைய ஹாஸ்டல் பசங்க, அவங்க வீட்டு வாண்டுங்கன்னு யார் சும்மா இருக்காங்களோ வந்துடுவாங்க. ஒருத்தர் வரையணும், மத்தவங்க டைப் பண்ணி கண்டுபிடிக்கணும், அவ்ளோதான் கேமு, ஆனா ரூல மாத்தி மாத்தி ஆடி நாங்க போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்ல. அதுல கத்துக்கிட்டத சொல்றேன்.

கேள்வி: அண்ணா, எங்க வீட்ல ஒம்போது பேரு. சின்னவளுக்கு ஏழு வயசு, தாத்தாவுக்கு 72. டைம், ரவுண்டு எல்லாம் எவ்ளோ வைக்கலாம்? போன தடவ பாதிலயே ஒவ்வொருத்தரா எழுந்து போயிட்டாங்க.

பதில்: ரவுண்டு 10-னு வச்சிருப்பீங்கம்மா, சரியா? ஒரு ரவுண்டுன்னா ஒரு படம் இல்ல, எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவ வரைஞ்சு முடிச்சாத்தான் ஒரு ரவுண்டு. 9 பேரு, 10 ரவுண்டு, ஆளுக்கு 120 செகண்டுன்னா முழுசா ஓடுனா மூணு மணி நேரம், யாரு உக்காருவா. ரெண்டே ரவுண்டு வைங்க, அதே 120 செகண்டுல 36 நிமிஷம், வார்த்த செலக்ட் பண்ற நேரம் சேத்தா நாப்பத தாண்டும், சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துக்கு கச்சிதம். சும்மா விட்டா 80 செகண்டுல நிக்கும், அது மவுஸ் பிடிச்சவனுக்கு போதும், ஆனா தாத்தா போன்ல ஆட்காட்டி வெரலால பச்சை கலர் எங்க இருக்குன்னு தேடுறதுக்குள்ள அதுல பாதி போயிடும். ஹிண்ட், அதாவது நடுவுல கேமே காட்டிக் குடுக்கிற எழுத்து, அத 2-ல இருந்து 3 ஆக்குங்க, அதுக்கு மேல வேணாம். டைம குறைச்சு ஹிண்ட கூட்டுனா படம் வர்றதுக்கு முன்னாடி எழுத்து வந்துடும், அப்புறம் யாரும் படத்த பாக்க மாட்டாங்க, கட்டத்த நிரப்புற வெளையாட்டாயிடும். முக்கியமா வேர்ட் கவுண்ட்ட, அதாவது வரையறவர் செலக்ட் பண்ண குடுக்கிற வார்த்த எண்ணிக்கைய, 3-ல இருந்து 5 ஆக்கிடுங்க. மூணு வார்த்தையும் தெரியாத வார்த்தையா வந்து ஏழு வயசு பொண்ணு முழிக்கும் பாருங்க, பாவமா இருக்கும்.

கேள்வி: தமிழ்ல ஆட முடியுமா ப்ரோ? லாங்குவேஜ் லிஸ்ட்ல தேடி பாத்தேன், காணோம்.

பதில்: லிஸ்ட்ல இல்ல ப்ரோ, கஸ்டம் வேர்ட்ஸ்ல நாமளே போட்டுக்கணும். கமா போட்டு போட்டு கொறஞ்சது 10 வார்த்த, கீழ கஸ்டம் வார்த்த மட்டும்னு ஒரு டிக் இருக்கும், அத மறந்தீங்கன்னா 'ஆட்டுக்கல்'லுக்கு அடுத்து இங்கிலீஷ் வார்த்தையா வந்து நிக்கும்.

ஆனா பிரச்சனையே அதுக்கு அப்புறம்தான். எத்தன எழுத்துன்னு காட்ட எழுத்துக்கு ஒரு கோடு போடும்ல, தமிழ் எழுத்துல போட்டா அந்த கோடு கணக்கு உதைக்கும். 'யானை' நமக்கு ரெண்டெழுத்து, கம்ப்யூட்டருக்கு நாலு: ய, அதோட கால், ன, அப்புறம் அந்த ஐகாரக் கொம்பு. 'தக்காளி' நமக்கு நாலு, அதுக்கு ஏழு, புள்ளிக்கு கூட தனியா ஒரு எடம் குடுத்து வச்சிருக்கான். கோட்ட எண்ணி விளையாடுறவன் ஏழெழுத்து காய்கறி என்னடான்னு மண்டைய ஒடச்சிட்டு இருப்பான், ஹிண்ட்டுன்னு ஒரு கால் மட்டும் தனியா வந்து நிக்கும், அத வச்சி நாக்கு வழிக்கவா. இன்னொரு கூத்து இருக்கு, 'கொக்கு'ல வர்ற 'கொ'வ ரெண்டு விதமா சேமிக்க முடியும், ஒகரக் குறி ஒரே துண்டா ஒண்ணு, கொம்பு தனி கால் தனின்னு ஒண்ணு. பாக்க அச்சு அசல் ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா ரெண்டையும் சமம்னு எடுத்துக்க சொல்லி ப்ரோக்ராம்ல எழுதலன்னா சரியா அடிச்சவனுக்கும் தப்புன்னுதான் சொல்லும், அவன் 'கொக்கு கொக்கு கொக்கு'ன்னு அடிச்சிட்டே இருப்பான். அதனால தமிழ் எழுத்துல ஆடுறதா இருந்தா ஹிண்ட் சைபர், மோடு ஹிட்டன். ஹிட்டன்ல எத்தன எழுத்துன்னே காட்டாது, கணக்கு பிரச்சனையே வராது.

கேள்வி: நாங்க தமிழ் வார்த்தையத்தான் இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறோம். ஒவ்வொருத்தன் ஸ்பெல்லிங் ஒவ்வொரு மாதிரி, ஒரே அடிதடி.

பதில்: எல்லா ரூம்லயும் நடக்குறதுதான். யானைக்கு ஒரு 'ஏ'வா ரெண்டு 'ஏ'வாங்கிற சண்டை பரவால்ல, ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்கிறதால கிட்ட வந்துட்டீங்கன்னு கேமே காட்டிடும், இன்னொரு 'ஏ' சேத்து அடிச்சா முடிஞ்சது. பழம்தான் விவகாரம். லிஸ்ட்ல 'இசட் ஹெச்' போட்டிருக்கும், நீங்க 'எல்' போட்டு அடிச்சா ரெண்டெழுத்து தள்ளிப் போயிடும், கிட்டன்னு கூட சொல்லாது. எங்க ரூம்ல ரெண்டு ரூல் வச்சோம். நெடிலுக்கு எப்பவும் ரெண்டு எழுத்து, 'ழ'வுக்கு எப்பவும் 'இசட் ஹெச்', ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுறது. அப்பவும் சரிப்படலன்னா லிஸ்ட் எழுதும்போதே 'ழ' வர்ற வார்த்தைய தூக்கிடுங்க. சட்டி, வடை, தவளை, குடம், முட்டை, சாம்பிராணி, எவ்ளோ இருக்கு. தமிழுக்கே அழகு ழகரம்தான்னு எங்க சித்தப்பா ஒரு நாள் ரூம்ல லெக்சர் குடுத்தாரு, ஆனா அவரேதான் வாழைக்காய்க்கு 'எல்' அடிச்சு பாயிண்ட் விட்டவரு.

கேள்வி: வரையும்போது எழுத்து, நம்பர் எழுதலாமா? என் தம்பி வார்த்தையவே எழுதிட்டு 'இதுவும் படம்தான்'ங்கிறான்.

பதில்: தம்பிய கிக் பண்ணுங்க, ஓட்டு போட்டு வெளிய அனுப்ப பட்டனே இருக்கு. சீரியஸா சொல்லணும்னா, இதுக்கெல்லாம் தாத்தா மாதிரி ஒரு போர்டு கேம் இருக்கு, பிக்ஷனரி, அமெரிக்காவுல சியாட்டில்ல ராபர்ட் ஏஞ்சல்ங்கிறவர் 1985-ல கொண்டு வந்தது. அதுல எழுத்தும் கூடாது நம்பரும் கூடாது. நாங்க அம்புக்குறி, கூட்டல் குறி ரெண்டுக்கும் விட்டுடுவோம்.

ஆனா வார்த்தைய பிச்சுப் பிச்சு வரையலாமாங்கிறது தனி பஞ்சாயத்து. எங்க ரூம்ல ஒரு பொண்ணுக்கு 'பூசணி' வந்துச்சு. அவ பூசணிக்காய வரையல, ஒரு பூவு, பக்கத்துல வளையம் போட்ட ஒரு கிரகம். பத்து செகண்டு யாருக்கும் ஒண்ணும் புரியல, அப்புறம் ஒருத்தன் 'பூ... சனி' அப்டின்னு கத்துனான். மூணு சுழி ரெண்டு சுழி ஆயிடுச்சு செல்லாதுன்னு ஒரு கோஷ்டி, சிரிப்பு வந்துச்சில்ல விடுங்கடான்னு ஒரு கோஷ்டி. நான் அலோ பண்ணிட்டேன். இங்கிலீஷ்ல ஆடுறவனுக்கு இந்த சுகம் இவ்ளோ கெடைக்காதுன்னு நெனைக்கிறேன், நம்ம வார்த்தைங்க பாதி ரெண்டு வார்த்த ஒட்டுனதுதான்.

கேள்வி: ஒரு ஃப்ரெண்டு டேப்லெட்டு, பென் எல்லாம் வச்சுட்டு வர்றான். ஃபோட்டோ மாதிரி வரையறான், நாங்க குச்சி மனுஷன் போட்டுட்டு இருக்கோம். என்ன பண்றது?

பதில்: நல்லா வரையத் தெரிஞ்சவன் இந்த கேமுக்கு ஒரு தொல்லை, நான் ஓப்பனாவே சொல்லுவேன். ஒருத்தன் வரையத் தெரியாம திண்டாடுறதுதான் இதுல வேடிக்கையே. அவனுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு போடுங்க. நாங்க போட்டதுல நல்லா வேல செஞ்சது ஒத்த கோடு: பேனாவ வச்சா எடுக்கக் கூடாது, எடுத்துட்டா அதோட படம் முடிஞ்சது. சைக்கிள ஒரே கோட்டுல வரைய சொல்லி பாருங்க, பென் வச்சிருக்கிறவனும் நம்ம லெவலுக்கு வந்துடுவான். கருப்பு மட்டும்தான்னு ஒரு நாள் வச்சோம், அது தோத்துப் போச்சு, ஏன்னா தக்காளி, ஆரஞ்சு, வெங்காயம் எல்லாம் ஒரே வட்டம், யாருக்கும் பாயிண்ட் இல்ல. இடது கைன்னு சொன்னா ஏமாத்துவான், நீங்க என்ன பக்கத்துல உக்காந்தா பாக்க போறீங்க.

கேள்வி: குரூப் கால் போட்டு பேசிக்கிட்டே ஆடலாமா?

பதில்: ஆடலாம், ஆனா ஒரு ரூலோட. சாட்ல ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டா அதுக்கப்புறம் அவர் அடிக்கிறது, வரையறவருக்கும் கண்டுபிடிச்ச மத்தவங்களுக்கும் மட்டும்தான் தெரியும். கால்ல அந்த பாதுகாப்பு இல்ல. 'அட இதுவா, காலைல சாப்ட்டதுதானே'ன்னு எங்க அத்தை சொன்ன அடுத்த செகண்டு ஆறு பேரு 'இட்லி'. கண்டுபிடிச்சவங்க மியூட், படம் முடிஞ்சதும் அன்மியூட், அவ்ளோதான். வரையறவங்களும் மியூட்தான், 'இல்ல இல்ல, அதுக்கு பக்கத்துல'ன்னு வாய் தானா வந்துடும்.

கேள்வி: காம்பினேஷன் மோடுன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன? யாராச்சும் ஆடுறீங்களா?

பதில்: ரெண்டு வார்த்தைய சேத்து குடுக்கும், ரெண்டையும் வரையணும், ரெண்டையும் கண்டுபிடிக்கணும். 'வடை' கூட 'ஹெல்மெட்' வந்தா என்ன பண்ணுவீங்க, வடை தலைல ஹெல்மெட் மாட்டி விட வேண்டியதுதான், அதுல வர்ற படம் அப்டி இருக்கும். பழகுனவங்க மட்டும் இருக்கிறப்போ வைங்க, டைம் 150-ஆவது குடுங்க. ரூம்ல குட்டிங்க இருந்தா வேணாம்.

கேள்வி: நாங்க மூணே பேரு. நல்லா இருக்குமா?

பதில்: ஸ்கிரிபிள் ரெண்டு பேருக்கே ஓடும், ஆனா மூணு பேருல ஒருத்தர் வரைஞ்சா மிச்சம் ரெண்டு பேருதான், சீக்கிரம் சலிச்சிடும். 60 செகண்டு, ஹிண்ட் சைபர், ஹிட்டன் மோடுன்னு இறுக்கி வைங்க, கொஞ்சம் சூடு பிடிக்கும். இல்லன்னா கூகுளோட குவிக் டிரா இருக்கு, 2016-ல விட்டது, 20 செகண்டுல வரையணும், ஆறு படம், கண்டுபிடிக்கிறது மெஷின். மூணு பேரும் மாத்தி மாத்தி வரைஞ்சு யாருக்கு ஆறுல எத்தன வருதுன்னு பாருங்க.

கேள்வி: கார்டிக் ஃபோன் இத விட நல்லாருக்குன்னு சொல்றாங்களே அண்ணா?

பதில்: அது வேற ஜாதி தம்பி, ஒப்பிடவே கூடாது. ஸ்கிரிபிள் பந்தயம், அது வதந்தி. நீ ஒரு வரி எழுதுவ, அடுத்தவன் அத வரைவான், அதுக்கு அடுத்தவன் படத்த மட்டும் பாத்து என்னன்னு எழுதுவான், இப்படியே சுத்தி வந்து கடைசில ஆல்பமா காட்டும். 'மாமா சைக்கிள்ல பால் வாங்க போறாரு'ன்னு ஆரம்பிச்சது எங்க ரூம்ல 'போலீஸ் மாட்ட தொரத்துது'ன்னு முடிஞ்சுது. ஆனா நாலு பேராச்சும் வேணும், ஆறேழு பேருன்னா இன்னும் ஜோர். ஒரு சின்ன சூட்சுமம் சொல்றேன், நார்மல் மோடுல ஆளு எண்ணிக்கை ஒத்தப்படையா இருந்தா கடைசி திருப்பம் எழுத்துல முடியும், ரெட்டப்படைன்னா படத்துல முடியும். எனக்கு எழுத்துல முடிஞ்சாத்தான் பிடிக்கும், ஆரம்பிச்ச வரியையும் முடிஞ்ச வரியையும் அடுத்தடுத்து சத்தமா படிக்கலாம்ல. அதுக்காகவே ஆறு பேரு இருந்தா ஏழாவது ஆள எழுப்பி கூட்டிட்டு வந்திருக்கோம்.

கேள்வி: ஆஃபீஸ் டீம்ல ஆடணும், மேனேஜரும் வருவாரு. ஏதாவது ரூல்?

பதில்: கூட வேல செய்றவங்கள வரையாதீங்க. மேனேஜருக்கு விட்டுக் குடுக்காதீங்க, அவருக்கே தெரிஞ்சிடும்.

கேள்வி: என் ரெண்டு பசங்களும் பாயிண்டுக்காக அழுது ரகளை பண்றாங்க. பாயிண்டே இல்லாம ஆட வழி இருக்கா?

பதில்: பாயிண்ட நிறுத்த முடியாதுக்கா, அது பாட்டுக்கு ஏறிக்கிட்டேதான் இருக்கும், சீக்கிரம் அடிச்சவனுக்கு அதிகம், டைப்பிங் வேகமா இருக்கிற பெரியவன்தான் எப்பவும் மேல நிப்பான், சின்னவன் அழத்தான் செய்வான், அவன் அழறதுல நியாயமும் இருக்கு. ரெண்டு பேரையும் ஒரே போன்ல ஒரே பேர்ல உக்கார வைங்க. சின்னவன் வரையட்டும், பெரியவன் டைப் பண்ணட்டும். எங்க அக்கா வீட்ல இப்டித்தான் செஞ்சாங்க, இப்போ ரெண்டும் ஒரே கட்சி, சண்டை எல்லாம் யார் மடில போன் இருக்கணும்கிறதுல மட்டும்தான். போன வாரம் அந்த டீமுக்கு 'மிக்ஸி' வந்துச்சு, சின்னவன் ஜாரு, மூடி, ஒயரு, பிளக்கு, சுவத்துல சுவிட்சு போர்டு வரைக்கும் வரைஞ்சுட்டு பிளேடு போடுறதுக்குள்ள டைம் முடிஞ்சு போச்சு. ஒருத்தர் கூட கண்டுபிடிக்கல, கிரைண்டர், ஜக்கு, ராக்கெட்டுன்னு அடிச்சுத் தள்ளுனோம். பெரியவன் ஒரு வார்த்த திட்டல, 'பிளக்கு சூப்பர்டா'ன்னான்.