பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மாற்றியமைக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 20 ஆண்டுகள் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று உள்ளது. அதன்மேல் கடன் எதுவும் இல்லை. தினமும் அலுவலகம் போய்வருவதும் அதில்தான். ஆண்டுக்கு நான்கைந்து முறை நண்பர்களுடன் கரடுமுரடான மலைப்பாதைகளுக்குச் செல்கிறேன். வண்டியை 4 அங்குலம் உயர்த்தி, இப்போதுள்ள 29 அங்குல டயர்களுக்குப் பதிலாக 33 அங்குல டயர்களைப் போட்டு, இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மின் இயந்திரம்), ரூஃப் ரேக் ஆகியவற்றையும் பொருத்த ஒரு பட்டறையில் மதிப்பீடு வாங்கினேன். வண்டியின் இன்றைய சந்தை மதிப்பை 100 என்று வைத்துக்கொண்டால், மதிப்பீடு 80 வருகிறது. அதில் 20ஐ என் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மீதி 60க்கு ஒரு நிதி நிறுவனம் 3 ஆண்டுகளுக்கு 10 சதவீத ஃப்ளாட் வட்டியில் தனிநபர் கடன் தருவதாகச் சொல்கிறது. அவசரத் தேவைக்கென 3 மாதச் செலவுக்கான தொகை தனியாக இருக்கிறது. அதைத் தொட மாட்டேன். சஸ்பென்ஷன் கிட்டுக்குச் சிறிய முன்பணம் கொடுத்துவிட்டேன். கடன் வாங்கலாமா? வண்டியை விற்கும்போது இந்தப் பணம் திரும்ப வருமா?

பதில்: கடன் வாங்க வேண்டாம். பணம் திரும்ப வருமா என்ற கேள்விக்கு, பெரும்பகுதி வராது என்பதே நேர்மையான விடை. அதற்காக வண்டியில் கையே வைக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். மனத்துக்குப் பிடித்த ஒன்றுக்குச் செலவு செய்வது தவறில்லை. அதை முதலீடு என்று நினைத்துக்கொண்டு செய்வதுதான் சிக்கல். உங்கள் திட்டத்தில் எனக்கு உறுத்துவது 80 என்ற தொகை அல்ல, அந்தத் தொகை முழுமையானது என்று நீங்கள் நம்பியிருப்பதுதான்.

முதலில் கடனைப் பார்ப்போம், அது எளிது. ஃப்ளாட் வட்டி என்றால், நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் 3 ஆண்டுகளும் வட்டி போடப்படும். 60க்கு ஆண்டுக்கு 6 வீதம் 18 வட்டி. ஆக 36 தவணைகளில் 78 கட்டுவீர்கள். இதையே நிலுவைத் தொகைக்கு மட்டும் வட்டி கணக்கிடும் முறையில் சொன்னால், வட்டி விகிதம் ஏறத்தாழ 18 சதவீதம். கைப்பணம் 20ஐயும் சேர்த்தால், 80 மதிப்புள்ள பாகங்களுக்கு 98 கொடுக்கிறீர்கள். அதாவது வண்டியின் மதிப்புக்கு இணையான இன்னொரு தொகை. தவணை முடிவதற்குள் டயர்கள் பாதி தேய்ந்திருக்கும், வண்டிக்கு 23 வயது ஆகியிருக்கும். இடையில் எஞ்சினோ கியர்பாக்ஸோ கைகொடுக்காமல் போனால், ஓடாத வண்டிக்கு நீங்கள் தவணை கட்ட வேண்டியிருக்கும். தேய்ந்துகொண்டே போகும் பொருளைக் கடனில் வாங்குவதற்கு ஒரே நியாயம் அது வருமானம் ஈட்டித் தர வேண்டும் என்பதுதான். இந்தப் பாகங்கள் அதைச் செய்யப் போவதில்லை.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். பட்டறை உங்களை ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட பொருள்களுக்கு அவர்கள் விலை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் கேட்காத பொருள்களை வண்டி கேட்கும்.

29 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்குப் போகும்போது டயரின் சுற்றளவு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுகிறது. உங்கள் வண்டியின் டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது) 3.73 என்று கொண்டால், புதிய டயரில் அது 3.28 போல நடந்துகொள்ளும்; ஏற்கெனவே களைத்திருக்கும் பழைய எஞ்சின் ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு கியர் கீழே இறங்கத் தவிக்கும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.24க்கு அருகிலுள்ள கிரவுன் வீல், பினியன் என்ற பல் சக்கர ஜோடி தேவை. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், இந்தச் செலவு ஒன்றல்ல, இரண்டு. கூலியும் சாதாரணமானதல்ல: மெக்கானிக் பல் சக்கரத்தில் மையைத் தடவிச் சுற்றிப் பார்த்து, பற்கள் எந்த இடத்தில் உரசுகின்றன என்பதை அந்தத் தடத்திலிருந்து படித்து, காகிதம் போன்ற மெல்லிய ஷிம்களைக் கூட்டியும் குறைத்தும் மறுபடி சுற்றிப் பார்ப்பார். பொறுமையில்லாமல் செய்த வேலை சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஊளையிடத் தொடங்கும், பிறகு அந்தச் செலவை இன்னொரு முறை செய்ய வேண்டியதுதான்.

4 அங்குல உயர்வும் தனியாக வராது. பிரேக் ஹோஸ்கள் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் இழுபடாத நீளத்தில் இருக்க வேண்டும்; ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறுவதால் அதிர்வு வரலாம், அதன் இணைப்புகளான கிராஸ் ஜாயின்டுகள் சீக்கிரம் தேயலாம்; ஸ்டியரிங்கின் கோணங்கள் கலைவதால் நெடுஞ்சாலையில் வண்டி நேராகப் போகாமல் அலையும், அதைச் சரிசெய்யத் தனிப் பாகங்களும் அலைன்மென்ட்டும் தேவைப்படும். கூடவே, கனமான டயரை நிறுத்தப் பழைய பிரேக்குகளே போதுமா என்ற கேள்வியும் எழும். அந்த மதிப்பீட்டில் எத்தனை டயர்கள் என்று பாருங்கள். நான்கு என்றால் ஸ்டெப்னி மறந்துபோயிருக்கிறது. 33 அங்குல டயர்கள் மூன்றுக்கு நடுவே 29 அங்குலம் ஒன்றை மாட்டி ஃபோர் வீலில் ஓட்டினால், டிரைவ்லைனில் சேரும் இறுக்கத்துக்கு எஞ்சின் விசையை இரு ஆக்சில்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸே இரையாகலாம். இவையெல்லாம் எழுத்தில் வந்த பிறகு மதிப்பீடு உங்கள் வண்டியின் மதிப்பையே தாண்டினால் நான் வியப்படைய மாட்டேன்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. ஸ்பீடோமீட்டரைத் திருத்தாவிட்டால், அது 80 காட்டும்போது நீங்கள் 91 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடோமீட்டரில் 10,000 கூடும்போது வண்டி உண்மையில் ஏறக்குறைய 11,400 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆயில் மாற்ற வேண்டிய நேரம் தெரியாமலே கடந்துபோகும். எரிபொருள் செலவு உண்மையிலேயே கூடும் என்பது வேறு. ஆனால் மீட்டரை நம்பிப் போடும் மைலேஜ் கணக்கு, அந்த இழப்பை இருப்பதைவிட மோசமாகக் காட்டும். தினமும் அலுவலகத்துக்கு இதே வண்டி என்பதால், ஆண்டுக்கு நான்கைந்து பயணங்களுக்காகப் போட்ட டயருக்கு மீதி நாள்கள் முழுவதும் எரிபொருளாகவும் இரைச்சலாகவும் விலை கொடுப்பீர்கள்.

இவ்வளவு செலவுக்குக் கிடைக்கும் பயனையும் அளந்து பாருங்கள். இரு பக்கச் சக்கரங்களும் ஒரே விறைப்பான ஆக்சிலில் இணைந்திருக்கும் திட ஆக்சில் வண்டியில் சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும், தரைக்கு மிக அருகில் தொங்கும் டிஃபரன்ஷியலின் அடிப்பாகம் ஒரு நூல்கூட உயராது; அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடிய அளவில் பாதிதான். 33 அங்குலம் உங்களுக்குத் தருவது 2 அங்குலம். 31 அங்குலத்துக்குப் போனால் 1 அங்குலம் கிடைக்கும்; பல வண்டிகளில் அதற்குச் சிறிய உயர்வே போதும், கியரை மாற்ற வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் வராது. அந்த ஒரே ஒரு அங்குல வித்தியாசம்தான் மேலே சொன்ன செலவுச் சங்கிலி முழுவதையும் இழுத்துவருகிறது. நீங்கள் செல்லும் பாதைகளில் அந்த அங்குலம் இல்லாமல் திரும்பிவர நேர்ந்த அனுபவம் எத்தனை முறை என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மணலிலும் சேற்றிலும் டயரின் காற்றைக் குறைத்து ஓட்டினாலே பிடிமானம் வெகுவாகக் கூடும். அதற்குத் தேவை காற்றழுத்த மானியும், திரும்பக் காற்றடிக்க ஒரு சிறிய கம்ப்ரஸரும்தான்.

திரும்ப வரும் பணம், வராத பணம் என்று பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிதாகும். கூலி, வெட்டுதல், வெல்டிங், பெயின்ட், கியர் மாற்றம் ஆகியவற்றில் போட்டது அன்றோடு போனது. டயர் தேயும்; தேயாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும். அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிக்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும், 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். புதிய டயர் என்று விற்கப்படுவதையும் இதைப் பார்த்தே வாங்குங்கள். மாறாக, போல்ட்டை அவிழ்த்துக் கழற்றக்கூடிய வின்ச், கம்ப்ரஸர், மீட்புக் கயிறு, ஓரளவுக்கு ரூஃப் ரேக் ஆகியவற்றைத் தனியாக விற்கலாம், அல்லது அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம். பழைய வண்டி வாங்க வருபவர் பொதுவாகத் தேடுவது துருப்பிடிக்காத சேஸிஸும், கை வைக்கப்படாத எஞ்சினும், பராமரிப்பு ரசீதுகளும்தான். உயர்த்திய வண்டியைப் பார்த்தவுடன் இதை எப்படியெல்லாம் அடித்து ஓட்டியிருப்பார்களோ என்று யோசிப்பவர்களே அதிகம். ஆகவே எதை மாற்றினாலும் கழற்றிய அசல் பாகங்களைப் பெயர் எழுதி ஒட்டி, ஈரமில்லாத இடத்தில் வைத்திருங்கள். விற்பனையின்போது அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு மற்றவற்றைத் தனித்தனியாக விற்பதுதான் லாபகரமானது.

என் யோசனை இதுதான். கையிலுள்ள 20ஐ எடுத்து முதலில் வண்டியை அதன் பழைய ஆரோக்கியத்துக்குக் கொண்டுவாருங்கள்: சேஸிஸில் துரு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றித் தட்டிப் பார்ப்பது, சஸ்பென்ஷன் புஷ்கள், பால் ஜாயின்டுகள், வீல் பேரிங்குகள், ரேடியேட்டர் ஹோஸ்கள், டைமிங் பெல்ட் இருந்தால் அது, எல்லா எண்ணெய்களும். தளர்ந்த பால் ஜாயின்டின்மேல் புதிய சஸ்பென்ஷனைப் போடுவது பணத்தைச் சேற்றில் போடுவதேதான். மிச்சமிருப்பதில் முன்னும் பின்னும் சேஸிஸில் முறையாகப் பொருத்தப்பட்ட மீட்பு வளையங்கள், நல்ல கயிறு, கம்ப்ரஸர் ஆகியவற்றை வாங்குங்கள். டிரக்கில் வண்டியைக் கட்டி ஏற்றிச்செல்ல வைத்திருக்கும் மெல்லிய வளையத்திலோ டிரெய்லர் இழுக்கும் உருண்டையிலோ கயிறை மாட்டி இழுக்கவே கூடாது. அது பிய்ந்து பறந்து உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கிறது.

தவணையாகக் கட்டவிருந்த மாதம் 2.17ஐ ஓராண்டு சேமித்தால், வட்டி சேர்க்காமலே 26 கையில் இருக்கும். இப்போதுள்ள டயர்கள் தேய்ந்து முடிந்ததும் 31 அங்குல ஆல் டெரெய்ன் டயர்கள் ஐந்தும், தேவைப்பட்டால் சிறிய உயர்வும் அதிலிருந்து செய்யலாம். வின்ச் அதற்குப் பிறகு. நண்பர்களின் வண்டிகளோடு போகும்வரை அதன் அவசியம் குறைவு. வாங்கும்போது வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுவைத் திறன் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முழுச் சுமையில் அது 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் உறிஞ்சும் என்பதால் பேட்டரிக்கும் பணம் ஒதுக்குங்கள். இரும்பு பம்பரை நான் பட்டியலின் கடைசியில் வைப்பேன். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து முன் ஸ்பிரிங்குகளை அமுக்கும் எடை, ஆட்களும் சாமான்களும் ஏறுவதற்கு அனுமதிக்கப்பட்ட எடையிலிருந்து கழிகிறது. அதற்காக மேலும் வலுவான ஸ்பிரிங் என்று இன்னொரு செலவு தொடங்கும். இந்த வழியில் போனால் இரண்டு ஆண்டுகளில் நீங்கள் விரும்பியதில் பாதிக்கு மேல் வட்டியின்றிக் கிடைத்திருக்கும், மீதி தேவையா என்பதும் அதற்குள் தெரிந்திருக்கும்.

உங்கள் அவசர நிதியைப் பற்றி ஒன்று. புதிய வண்டி வைத்திருப்பவருக்கு 3 மாதச் செலவு போதுமானதாக இருக்கலாம். 20 வயது வண்டியை அன்றாட வேலைக்கு நம்பியிருப்பவர், ஒரு பெரிய பழுதுக்கான தொகையை இதற்கு வெளியே தனியாக வைத்திருப்பது அவசியம். அந்த நிதி நிரம்பும்வரை அலங்காரச் செலவு எதுவும் வேண்டாம்.

எந்த மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன்பும் உங்கள் நாட்டின் வாகனப் பதிவு விதிகள் அதை அனுமதிக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து எழுத்து மூலமே பதில் பெறுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்து இழப்பீடு மறுக்கப்பட்டால், எதிர்த்தரப்புக்கான நஷ்டஈடுகூட உங்கள் தலையில் விழலாம். அந்தத் தொகைக்கு முன்னால் இந்த 80 ஒன்றுமே இல்லை. புதிதாகச் சேர்க்கப்படும் பாகங்களுக்கும் காப்பீடு உண்டா, பிரீமியம் எவ்வளவு கூடும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, அதைக் காப்பாற்றுவதற்காக மீதிச் செலவைச் செய்யாதீர்கள். பட்டறையிடம் பேசி, அதே தொகையை 2 அங்குல கிட்டுக்கோ புஷ், ஷாக் அப்சார்பர் மாற்றும் வேலைக்கோ வரவு வைக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான பட்டறைகள் வாடிக்கையாளரை இழப்பதைவிட இதற்கு ஒப்புக்கொள்ளவே விரும்பும். கிட் இன்னும் வரவழைக்கப்படவில்லை என்றால் இந்த வாரமே பேசிவிடுங்கள்.