இரண்டாம் உலகப் போரின்போது கோவைப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்களின் வாழ்க்கை எப்படி இருந்தது?

என் அமுச்சி, அதாவது அம்மாவின் தாயார், அந்த ஆண்டுகளில் மில்லுக்குள் இருந்தவர். கூலிக்குப் போனவர் அல்லர். அவருடைய அப்பாவும் சித்தப்பாக்களும் சேர்ந்து சிங்காநல்லூர்ப் பக்கம் நடத்திய சிறிய நூல் மில் அது. 1932இல் பைகாரா மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி முளைத்த மில்களில் ஒன்று. போர் மூண்டதும் கணக்கர்கள் ராணுவத்தில் எழுத்தர் வேலைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் போய்வந்த மகளை ரீலிங் பகுதியில் கணக்கு எழுத உட்காரவைத்தார் அப்பா. வயதுக்கு வந்த பெண் மில்லுக்குப் போவதா என்று உறவினர்கள் பேசினார்கள். அப்பா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ரீலிங் என்பது முழுக்கப் பெண்களின் இடம். நூற்கும் இயந்திரத்தின் கதிரிலிருந்து வரும் நூலை ராட்டில் சுற்றிச் சிட்டமாக்க வேண்டும். கைத்தறிக்காரர்களுக்கு நூல் சிட்டமாகத்தான் போகும். ராட்டின் ஒரு சுற்று ஒன்றரை கஜம். 560 சுற்றுக்கு ஒரு சிட்டம், 840 கஜம். நாற்பதாம் நம்பர் நூலென்றால் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம், பத்து பவுண்டு கட்டுக்கு 400. அந்த ஒரு கட்டில் இருக்கும் நூலை நீட்டினால் ஏறக்குறைய 190 மைல் வரும். அவ்வளவும் பெண்களின் விரல்களைத் தாண்டித்தான் வெளியே போனது. அறுந்த இழையை ஓடுகிற ராட்டை நிறுத்திப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். போடாமல் விட்டால் சிட்டம் எடை குறையும், கூலியில் பிடிப்பார்கள். சுற்றிய அளவுக்குத்தான் கூலி. ஆகவே தண்ணீர் குடிக்க எழுந்தாலும் நஷ்டம் அவர்களுக்கே. தூளியில் கிடக்கும் குழந்தை அழுதால் ஓடிப் பால் கொடுத்துவிட்டு வந்தவள், விட்ட நேரத்தைப் பிடிக்கச் சாப்பாட்டு வேளையிலும் சுற்றுவாளாம். அந்தப் பேரேட்டை எழுதியவர் என்பதால் அமுச்சிக்கு இது எல்லாம் எண்ணாகவே நினைவிருந்தது.

1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது. அதனால் இரவு ஷிப்ட் ஆண்களுக்கு. இயந்திரங்கள் நின்றதே இல்லை. இங்கிலாந்திலிருந்து புதிய இயந்திரமோ உதிரிப் பாகமோ வருவது நின்றுபோனதால், தேய்ந்த பாகங்களை உள்ளூர்ப் பட்டறைகளில் செய்து மாட்டி ஓட்டினார்கள். பழைய இயந்திரத்தில் இழை அடிக்கடி அறும். அந்தச் சுமையும் கடைசியில் ரீலிங் பெண்கள் மேல்தான் வந்து விழுந்தது.

ரங்கூன் 1942 மார்ச்சில் ஜப்பானியரிடம் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. மில் பெண்களின் தூக்குச் சட்டியில் சோளமும் கம்பும்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சூலூர் விமானதளம் எரிக்கப்பட்டபோது, போலீஸ் தேடுதலுக்குப் பயந்து ஆண்கள் ஊரை விட்டு ஓடிய வீடுகளில் இந்தப் பெண்களின் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

எல்லாவற்றையும்விட என் மனம் ஆறாத விஷயம் துணி. ஜப்பான் துணியும் லங்காஷயர் துணியும் வருவது நின்றது. நம் மில்களின் துணியில் பெரும்பங்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. மிச்சத்தின் விலை ஏறியபடியே இருந்தது. 1943 ஜூனில் அரசு நூலுக்கும் துணிக்கும் கட்டுப்பாட்டு ஆணை போட்டு, துணியின் மீதே விலையை அச்சடிக்க வைத்தது. அச்சடித்த விலைக்குக் கடையில் துணி கிடைக்காது. கள்ளச் சந்தையில் கிடைக்கும். நாள் முழுவதும் நூலில் கை வைத்திருந்த பெண்களிடம் மாற்றுப் புடவை இல்லை. ஒரே புடவையை இரவில் துவைத்து, ஈரம் காயாமல் காலைச் சங்குக்குக் கட்டிக்கொண்டு வந்தவர்களை அமுச்சி பார்த்திருக்கிறார். கழிவுப் பஞ்சை மடியில் ஒளித்ததாக ஒருத்தியை வாயிலில் நிறுத்திச் சோதித்த நாளில், அவர் தன் அப்பாவிடம் சண்டை போட்டாராம்: "அவள் கட்டியிருப்பதைப் பாருங்கள் அப்பா, மடி எங்கே இருக்கிறது ஒளிப்பதற்கு?"

போரில் மில்காரர்கள் சம்பாதித்தார்கள். போருக்கு முந்தைய அளவைத் தாண்டிய லாபத்தின் மீது போட்ட மிகை லாப வரி மூன்றில் இரண்டு பங்குக்கு உயர்ந்த பிறகும் சம்பாதித்தார்கள். எங்கள் குடும்பமும்தான், என் அம்மாவின் படிப்புவரை அந்தப் பணம் வந்தது. பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் நின்றபோது, எங்கள் மில்லில் தாமதமாகவும் குறைவாகவும்தான் கொடுத்தார்கள். அதை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

கூலி ஒரு பாதிதான். மானம் இன்னொரு பாதி. மேஸ்திரிகளும் முதலாளிகளின் அடியாட்களும் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அமுச்சி நெடுநாள் பேசவில்லை. சின்னியம்பாளையத்தில் தொழிலாளப் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையிலிருந்து எழுந்த மோதலில் அடியாள் ஒருவன் கொல்லப்பட்டான். அந்த வழக்கில் நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அன்று ரீலிங்கில் ஒரு பெண்ணும் ராட்டைத் தொடவில்லை என்றும், அந்த நாளுக்குரிய பக்கத்தில் யாருக்கும் கூலி பிடிக்காமல் தானே எழுதிவிட்டதாகவும், அப்பா அதைப் பார்த்தும் திருத்தவில்லை என்றும் அமுச்சி சொன்னார்.